விலை சொல்லுதல்

நம் வட்டத்தில் ஒரு கலைஞனை உயர்த்திச் சொல்ல வேண்டுமானால் கைக்கு முதலில் அகப்படும் வாக்கியம், 'அவர் காசுக்காகச் செய்கிறவர் இல்லை' என்பது. இதை யாரும் மறுத்துக் கேட்பதில்லை. காசு அழுக்கு, காசு தொடாதது சுத்தம் என்ற எண்ணம் நம் பேச்சின் அடியில் அவ்வளவு உறுதியாகப் படிந்திருக்கிறது. வணிகப் பத்திரிகைகளோடு நடந்த நீண்ட சண்டையில் இந்த வாக்கியம் நமக்கு ஆயுதமாக இருந்தது; அதன் நியாயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆயுதமாக இருந்த ஒன்று பழக்கத்தில் ஆபரணமாகிவிடுவதுண்டு. வயது போன பிறகு, ஜீவனத்துக்கு வேறு வழி இருக்கும்போது, கலையைச் செய்து விற்க வருகிற ஒருவன் இந்த ஆபரணத்தை அணிந்துகொண்டால் அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் என் கேள்வி. அப்படி வந்தவர்களில் நானும் ஒருவன். எனவே இது எனக்கு வெறும் தத்துவ விசாரமாக இல்லை. ஒவ்வொரு படத்தின் பின்புறமும் ஒரு எண்ணை எழுத வேண்டியிருக்கிறது.

அரசாங்க அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து 58 வயதில் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மேஜையைப் போட்டு லினோ செதுக்கத் தொடங்கினேன். இளமையில் கற்றுக்கொண்டு கைவிட்ட வேலை. லினோவில் படத்தைத் தலைகீழாக, இடவலம் மாற்றி வரைந்துகொள்ள வேண்டும்; வெள்ளையாக வர வேண்டிய இடங்களை உளியால் எடுத்துவிட வேண்டும்; மிஞ்சி நிற்கிற மேட்டில் உருளையால் மை தடவி, தாளை மேலே வைத்து, மரக்கரண்டியின் முதுகால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். அச்சு யந்திரம் எனக்குக் கிடையாது. ஒரு படத்துக்கு இருபது பிரதிகள் எடுத்து, அடியில் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டு, பிறகு பலகையின் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிடுவேன். படங்களோடு நாட்காட்டி, வாழ்த்துத் தாள், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுதிக்கு அட்டை. இதைத்தான் சிறு வியாபாரம் என்று சொல்கிறேன். வியாபாரம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன்.

தாள் என்ன விலை, மை என்ன விலை, சட்டம் போட என்ன கூலி, வைத்து விற்றுக் கொடுக்கிற கடைக்காரருக்கு எவ்வளவு கழிவு என்பதெல்லாம் கணக்குப் பிரிவில் இருந்தவனுக்குச் சிரமமில்லாதவை. சிரமம் அதற்கடுத்த வரியில் வருகிறது. என் கைக்கு என்ன போடுவது? இங்கே நண்பர்கள் அன்போடு உதவிக்கு வருகிறார்கள். 'உங்களுக்குத்தான் மாசாமாசம் பென்ஷன் வருதே சார், தாள் மைக் காசு கிடைச்சாப் போதாதா?' என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பேராசையில்லாத, பெருந்தன்மையான நிலை. தாள், மைக்குரிய காசை வாங்கிக்கொண்டு கையின் உழைப்பைத் தானமாக விட்டுவிட்டால் நான் வியாபாரியாக இல்லாமல் கலைஞனாக மட்டும் இருந்துவிடலாம். ஆனால் இந்தப் பெருந்தன்மைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் நம் மரபில் இந்த விஷயம் எப்படி இருந்தது என்பதைப் பார்க்கலாம். புறநானூற்றின் 208ஆம் பாட்டைப் பாடிய பெருஞ்சித்திரனார், அதியமான் நெடுமான் அஞ்சி தன்னை நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பரிசிலை வாங்க மறுக்கிறார். பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு போக நான் வணிகன் இல்லை என்பது அவர் சொல்வதன் சாரம். கலைஞன் வியாபாரத்தை இகழ்ந்ததற்குச் சான்றாக இந்தப் பாட்டை எடுத்துக்காட்டுவது வழக்கம். எனக்கு அப்படிப் படவில்லை. அவர் வாங்குவதை இகழவில்லை. மலையும் குன்றும் கடந்து வாங்கத்தான் வந்திருக்கிறார். என் தகுதியை அளந்தறிந்து கொடுத்தால் தினையளவாக இருந்தாலும் இனியது என்றும் அதே பாட்டில் சொல்கிறார். அவர் கேட்டது பார்வையை. பார்க்காமல் கொடுத்தது பெரிதாக இருந்தாலும் வேண்டாம், பார்த்துக் கொடுத்தது சிறிதானாலும் போதும். பரிசிலுக்கும் விலைக்கும் உள்ள தூரம் பெரிதுதான். ஆனாலும் தாழ்வாரத்தில் செய்த ஒரு படத்தை முன்பின் தெரியாத ஒருவர் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, இது எனக்கு வேண்டும் என்று தன் பையிலிருந்து பணத்தை எடுக்கும்போது, பெருஞ்சித்திரனார் கேட்ட அந்தப் பார்வை அங்கே நிகழ்ந்துவிடுகிறது. இலவசமாகக் கொடுக்கும் படத்தை வாங்குகிறவர் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. பரணில் போட்டுவிடலாம்.

சில ஓவியர்கள் சேர்ந்து நடத்திய ஒரு விற்பனைக் கண்காட்சியில் எனக்குப் பக்கத்து மேஜை ஒரு இளைஞருக்கு. கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். மரச் செதுக்கு அச்சுகள். என் படங்களைவிட அவருடையவை தேர்ந்தவை. உளி எங்கே நிற்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. முதல் நாள் மதியம் மேஜையைத் தாண்டி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? கடைசி நாள் விலையைக் குறைப்பீங்களா?"

"இல்லை தம்பி. ஏன் கேக்கறீங்க?"

"பெரியவங்க நிறைய பேர் கடைசி நாள் பாதி விலைக்குக் கொடுத்துட்டுப் போயிடறாங்க சார். அவங்களுக்கு வீட்டுக்குத் திருப்பித் தூக்கிட்டுப் போற பாரம் மிச்சம். எனக்கு அது வீட்டு வாடகை. வாங்கறவங்க அடுத்த வருஷம் வந்து அந்தப் பாதியிலேருந்துதான் பேச ஆரம்பிக்கிறாங்க."

இந்த நாலு வாக்கியத்தில் அவர் சொன்னது பொருளாதாரம் மட்டுமில்லை. சந்தைக்கு என் ஓய்வூதியம் தெரியாது. என் படத்தின் அடியில் 'இவருக்கு மாதச் சம்பளத்தில் பாதி வந்துகொண்டிருக்கிறது' என்று எழுதி ஒட்டியிருப்பதில்லை. அடுத்தடுத்து இரண்டு மேஜைகள், ஒரே அளவு தாள், கறுப்பு மை. வாங்குகிறவர் கண்ணில் இரண்டும் ஒரே இனம். ஒன்று இருநூறு என்றால் மற்றது எண்ணூறு என்பது அடாவடியாகத் தெரியும். என் பெருந்தன்மை அவருடைய பேராசையாக உருமாறிவிடுகிறது. நான் விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொள்கிற கூலி என்னுடையது மட்டுமில்லை. அவருடையதையும் சேர்த்துத்தான் விட்டுக்கொடுக்கிறேன், அவரைக் கேட்காமல்.

இதில் தலைமுறை வித்தியாசம் ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசாங்க வேலைக்குச் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்கு வெளியே, பங்களிப்புத் திட்டத்தில் வைக்கப்பட்டார்கள். அதற்கு முன் சேர்ந்தது என் சாமர்த்தியமில்லை. பிறந்த வருஷத்தின் அதிர்ஷ்டம். அந்த இளைஞருக்கோ எந்தத் திட்டமும் இல்லை. தற்செயலாகக் கிடைத்த ஒரு பாதுகாப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு, அது இல்லாதவனோடு ஒரே வரிசையில் கடை போட்டு, 'எனக்குக் காசு முக்கியமில்லை' என்று சொல்வது எந்த வகையில் உயர்ந்த நிலை? தேவையில்லாமையைத் தூய்மையென்று நாம் தவறாகப் பெயரிட்டு அழைக்கிறோம். பசியில்லாதவன் விரதமிருப்பதாகச் சொல்லிக்கொள்வதைப் போன்றது இது.

குறைந்த விலைக்கு ஒரு உன்னதமான உதாரணம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஜாமினி ராய் (1887–1972). கல்கத்தா அரசினர் கலைப் பள்ளியில் மேற்கத்திய முறையில் பயின்று, உருவப்படங்கள் வரைந்து பெயரெடுத்தவர், 1920களில் அதையெல்லாம் உதறிவிட்டு வங்காளத்துப் பட்டுவாக்களின் கோட்டையும் நிறத்தையும் தேடிப் போனார். தொடக்கம் புதிதாகச் செய்யப்பட்டபோது அவர் நாற்பதை ஒட்டியிருந்தார். ஒரே படத்தைப் பல பிரதிகள் செய்தார்; குடும்பத்தினர் வேலையில் பங்கெடுத்தார்கள்; சாதாரண மத்தியதரக் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார். ஒற்றை மூலம், ஒற்றைக் கையெழுத்து என்ற மேற்கத்தியப் பிரமையை அவர் விலையாலேயே உடைத்தார் என்று சொல்லலாம். ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம், ஜாமினி ராயின் வீடு அந்த விலையில்தான் நடந்தது. அவர் சொன்ன சின்ன விலைக்குள் அவருடைய கூலி இருந்தது. பட்டுவா எப்படிப் பிழைப்பானோ அப்படிப் பிழைக்கும் விலை அது. என்னுடைய சின்ன விலைக்குள் என் கூலி இருக்காது. அதை வேறொரு கஜானா ஏற்கெனவே கொடுத்துவிட்டது. எண்ணளவில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். ஒன்று ஒரு கொள்கையின் விலை, மற்றது ஒரு மானியத்தின் விலை. அவருடைய படங்கள் பிற்பாடு ஏலங்களில் லட்சக்கணக்கில் கைமாறியது வேறு கதை. அதில் அவர் பேச்சுக்கு இடமில்லை.

வயதான காலத்துத் தொடக்கத்துக்கு எல்லாரும் சொல்லும் பெயர் அமெரிக்காவின் பாட்டி மோசஸ். 1860இல் பிறந்து, பண்ணை வேலை செய்து, பூத்தையல் போட்டுக்கொண்டிருந்து, மூட்டுவாதத்தால் ஊசி பிடிக்க முடியாமல் எழுபதுகளின் கடைசியில் தூரிகைக்கு மாறியவர். ஹூசிக் ஃபால்ஸ் என்ற சிற்றூரின் மருந்துக் கடை ஜன்னலில் படங்கள் வைக்கப்பட்டன. சிறியது 3 டாலர், பெரியது 5 டாலர். 1938இல் லூயி கால்டர் என்ற சேகரிப்பாளர் தற்செயலாக அவற்றைப் பார்த்து மொத்தமாக வாங்கினார். 1940இல் நியூயார்க்கில் தனிக் கண்காட்சி. 1961இல் 101 வயதில் இறந்தார். இந்தக் கதையைப் பத்திரிகைகள் அதிர்ஷ்டக் கதையாகவே திரும்பத் திரும்பச் சொல்லி அலுக்க வைத்துவிட்டன. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது கால்டர் வருவதற்கு முன்னாலிருந்த அந்த 3 டாலர், 5 டாலர். பழப்பாகு போட்டு ஊர்ச் சந்தையில் வைக்கிற பெண்மணி அவர். பாட்டிலுக்கு விலை சொல்வதில் கூச்சமில்லாதது போலவே படத்துக்கும் அளவு பார்த்து விலை சொன்னார். என் ஆத்மாவை எப்படி அளப்பது என்று அவர் தவிக்கவில்லை. ஆத்மாவை விற்கவில்லை என்ற தெளிவு அவருக்கிருந்தது. விற்றது பலகையும் வண்ணமும் கையும். விலை சொல்லும்போது நமக்கு வருகிற கூச்சத்தை அடக்கம் என்று நினைக்கிறோம். உள்ளே பார்த்தால் அது பெரும்பாலும் அகந்தை. நான் செய்தது எந்த எண்ணுக்கும் அடங்காதது என்ற நம்பிக்கை.

நமக்கு அருகிலேயே ஒரு பரிசோதனை நடந்தது. கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஓய்வு பெறும் தறுவாயில், 1966இல், மாணவர்களோடு சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். மனைக்குப் பணம் வேண்டியிருந்தது. மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளையும் வேறு கைவினைப் பொருள்களையும் ஓவியர்களே செய்து விற்றார்கள். கைவினை சோறு போடும். ஓவியம் யாருக்கும் தலைவணங்காமல் தன் வழியில் போகும். ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் தொடங்கிய கலை வியாபாரங்களில் நம் பக்கத்தில் இதைவிடப் பெரியதை நான் அறியேன். ஓய்வூதியக்காரனுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும் என்று தோன்றலாம்: என் பாத்திக் என் ஓய்வூதியம். ஒப்புமை ஓரளவுக்கு மேல் போவதில்லை. பாத்திக் துணிக்கு அதைப் பார்த்து வாங்குகிற ஒருவர் வேண்டும். அது அவர்கள் கையால் ஆனது. சந்தையில் அதற்கும் ஒரு நியாய விலை இருந்தது. ஓவியத்தை விடுதலை செய்வதற்காக அவர்கள் விலை சொல்லும் வேலையை விட்டுவிடவில்லை. அதை வேறொரு பொருளின் மேல் ஏற்றினார்கள், அவ்வளவுதான். முதல்வர் பதவியில் இருந்தவர் தன் சம்பளத்தைக் காட்டி மாணவர்களிடம் 'காசைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்' என்று சொல்லவில்லை. காசைப் பற்றிக் கவலைப்படுவதற்கு ஒரு கூட்டு வழியைக் காட்டினார்.

இவ்வளவும் பக்கத்து மேஜைக்காரருக்கு நான் செலுத்த வேண்டிய கடனைப் பற்றி. எனக்கு நானே செலுத்த வேண்டிய கடன் ஒன்றும் இருக்கிறது. மலிவாகவோ இலவசமாகவோ கொடுக்கும்போது நான் ஒன்றைப் பதிலுக்கு வாங்கிக்கொள்கிறேன்: விமர்சனத்திலிருந்து பாதுகாப்பு. இருநூறு ரூபாய்ப் படத்தை யாரும் குறை சொல்லமாட்டார்கள். 'இந்த வயசிலே இவ்வளவு செய்கிறாரே' என்பார்கள். அந்த வாக்கியத்தில் படம் எங்கேயும் இல்லை. வயசு மட்டும் இருக்கிறது. முழு விலை சொன்னால் வாங்க வந்தவர் முகம் மாறுகிறது. படத்தை மறுபடி பார்க்கிறார். இந்த மூலையில் கோடு தடுமாறுகிறதே என்கிறார். பக்கத்து மேஜையில் இதே விலைக்கு இதைவிட நல்லது இருக்கிறதே என்று அங்கே போகிறார். போகட்டும். அந்த நிமிஷத்தில்தான் நான் மற்றவர்களோடு சமமாக நிற்கிறேன். வயதுக்குக் கொடுக்கப்படுகிற சலுகை மரியாதையின் வேஷத்தில் வருகிற நிராகரிப்பு. அதை மறுப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, சலுகை விலையை நானும் மறுப்பது.

இதைப் படிக்கிற நண்பர்கள், இது ஓவியர்கள் சமாசாரம் என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம்மிடையே புத்தகங்கள் அன்பளிப்பாகவே புழங்குகின்றன. கவிதைத் தொகுதி வெளிவருகிறது. ஐம்பது பிரதிகள் கையெழுத்தோடு நண்பர்களுக்குப் போகின்றன. நண்பர்கள் நாலு நல்ல வார்த்தை எழுதுகிறார்கள், அல்லது நாகரிகமாக மௌனமாக இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவனுக்கு இருக்கும் கோபம், ஏமாற்றம், உரிமை எதுவும் அன்பளிப்பாகப் பெற்றவனுக்குக் கிடையாது. வணிக எழுத்துக்கு எதிராக நாம் கட்டிக் காத்த இலவசம், நமக்கு நாமே போட்டுக்கொண்ட வாய்ப்பூட்டாகவும் ஆகியிருக்கிறது.

சி.சு. செல்லப்பாவின் பெயரை இங்கே சொல்ல வேண்டும். 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கியபோது அவருக்கு வயது 46. 1970 வரை 119 இதழ்கள். புத்தகங்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். 1997இல், 85 வயதில், 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாகத் தானே வெளியிட்டார். இதை நாம் தியாகக் கதையாகவே சொல்லிவருகிறோம். தியாகம்தான், சந்தேகமில்லை. ஆனால் தியாகம் என்ற சொல்லால் மூடிவிடுவதில் ஒரு விஷயம் மறைந்துபோகிறது: அவர் அந்தப் புத்தகங்களை விற்கப் போனார். பையைத் திறந்து, விலையைச் சொல்லி, காசை வாங்கினார். இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பையின் கனத்தைக் குறைத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். இலக்கியம் காசு கொடுத்து வாங்கத் தகுந்த பொருள் என்பதை ஒவ்வொரு வாசலிலும் நின்று நிலைநாட்டிக்கொண்டிருந்தார் என்றே நான் அந்த நடையைப் புரிந்துகொள்கிறேன். அவருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறவனுக்கும் சேர்த்துத்தான் அது.

ஒரு ஆட்சேபம் மிச்சமிருக்கிறது, கனமான ஆட்சேபம். தேர்ச்சி குறைந்த ஒரு முதியவன் தேர்ந்த இளைஞனுக்குச் சமமான விலையைக் கேட்பது திமிரில்லையா? திமிராக இருக்கலாம். அப்படியானால் அவன் முன்னால் இருப்பவை இரண்டு வழிகள். வேலை அந்த விலைக்குத் தகுதியில்லை என்று அவனுக்கே பட்டால், சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது. வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், இன்னும் பத்துப் பலகை செதுக்கலாம். தகுதியுண்டு என்று பட்டால், கூலியைச் சேர்த்து விலை சொல்ல வேண்டும். மட்டமான வேலையை மலிவாக விற்கும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. நம்மில் பலர் நடப்பது அதில்தான். அது வேலைக்கும் துரோகம், பக்கத்து மேஜைக்கும் துரோகம்.

கொடையை நான் விலக்கவில்லை. காசில்லாத ஒரு மாணவி ஒரு படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றால் அதைக் கழற்றிக் கொடுத்துவிடலாம். அங்கே பார்வை நடந்துவிட்டது; யாருக்குக் கொடுக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்; இது இன்ன விலையுள்ள பொருள் என்பது அவளுக்கும் தெரியும். தள்ளுபடி அப்படியில்லை. அது முகம் பார்க்காமல் எல்லாருக்கும் போய்ச் சேருகிறது. முகமில்லாமலே இன்னொருவன் வயிற்றில் அடிக்கிறது. கொடை வேறு, தள்ளுபடி வேறு.

இவ்வளவு சொன்ன பிறகும் கணக்கு நேராவதில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருக்கிறது. நியாய விலை சொல்லி, ஒரு படமும் விற்காமல் மூட்டை கட்டினால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஒன்றாம் தேதி என் கணக்கில் பணம் வந்துவிடும். அந்த இளைஞருக்கு அப்படியில்லை. காத்திருக்க முடிகிறவனும் காத்திருக்க முடியாதவனும் ஒரே விலையைச் சொல்வதால் சமமாகிவிடுவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வை ஒரு படத்தின் பின்புறம் எழுதுகிற எண்ணால் சரிசெய்ய முடியாது. அந்த எண்ணை நான் அடித்துக் குறைத்து எழுதாமல் இருக்கலாம். அவ்வளவுதான் என் கையில் இருக்கிறது.